பழைய தொலைக்காட்சிக்கு எந்தப் பெட்டி?

கோண்டாவிலிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. வீட்டில் 2016இல் வாங்கிய 43 அங்குல ஸ்மார்ட் தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது. படம் இன்றும் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் அதிலுள்ள யூரியூப் செயலி சில மாதங்களாகத் திறப்பதில்லை. வீட்டுக்குப் பைபர் இணைப்பு வந்துவிட்டது. 78 வயதான தாயார் நல்லூர்த் திருவிழா நேரலையையும் பழைய பாடல்களையும் பார்க்க விரும்புகிறார். தொலைக்காட்சியின் பின்னால் கொழுவி, இணையம் வழியாக யூரியூப் போன்றவற்றைக் காட்டும் பெட்டி ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மார்கழியில் கனடாவிலிருந்து வரவிருக்கும் மகன், "என்ன பெட்டி கொண்டுவர?" என்று கேட்கிறார். அதேவேளை நகரிலுள்ள கடையொன்றில், ஆயுள் முழுவதும் எல்லாத் தமிழ்ச் சானல்களும் இலவசம் என்று ஒரு சிறிய பெட்டியைக் காட்டுகிறார்கள். புதிய தொலைக்காட்சியே வாங்கிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

புதிய தொலைக்காட்சி தேவையில்லை. படம் காட்டும் திரை பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும்; அதனுள் இருக்கும் மென்பொருளைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் அவ்வளவு காலம் கவனிப்பதில்லை. 2010, 2011ஆம் ஆண்டுகளின் சில சம்சுங் தொலைக்காட்சிகளில் நெட்பிளிக்ஸ் 2019 டிசம்பருடன் நின்றுபோனது. அவற்றின் திரைகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இன்று புதிதாக வாங்கும் ஸ்மார்ட் தொலைக்காட்சியும் சில ஆண்டுகளில் அதே இடத்துக்கு வந்து சேரும். திரையைத் திரையாக மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் கொழுவும் பெட்டியை வேண்டிய காலத்தில் மாற்றுவதே பணத்துக்கும் வீட்டுக்கும் நல்லது.

முழு எச்டியின் நான்கு மடங்கு புள்ளிகளைத் தரும் 4கே பெட்டி வாங்கினால் இந்தத் தொலைக்காட்சியில் படம் கூடுதல் தெளிவாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இராது. 43 அங்குல முழு எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். மூன்று மீற்றர் தூரத்தில் இருந்து பார்க்கும்போது, நல்ல பார்வையுள்ள கண்ணே ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றருக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. ஆகவே 4கே என்ற எழுத்துக்காகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஆனால் வேகமான சில்லும் போதிய நினைவகமும் பெரும்பாலும் 4கே பெட்டிகளுக்குள்ளேதான் வருகின்றன என்பதால், முடிவில் வாங்குவது அதுவாகவே இருக்கக்கூடும்.

இனிக் கடையில் காட்டிய அந்தப் பெட்டி. இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இப்போது இருப்பது இதுதான். அன்ட்ரொயிட் என்ற மென்பொருளின் மூலநிரல் எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடியது. அதை எடுத்து, மலிவான சில்லு ஒன்றில் ஏற்றி, பெயரில்லாத உறையில் அடைத்து விற்பதற்கு எவருடைய சான்றும் தேவையில்லை. கூகிள் சோதித்துச் சான்றளித்த அன்ட்ரொயிட் ரிவி அல்லது கூகிள் ரிவி என்பது வேறு, இது வேறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் விற்பவருக்கே பல வேளைகளில் வேறுபாடு தெரிவதில்லை.

வேறுபாடு முதலில் படத்தில் தெரியும். நெட்பிளிக்ஸ், அமேசன் பிரைம் போன்ற சேவைகள், களவாகப் பிரதியெடுக்கப்படாமல் இருக்க வைட்வைன் என்ற பூட்டைப் பாவிக்கின்றன. அந்தப் பூட்டின் உயர்ந்த படியான எல்1 இல்லாத பெட்டிக்கு எச்டி படம் அனுப்பப்படாது. நெட்பிளிக்ஸ் அதற்கு மேலும் ஒவ்வொரு மாதிரிக்கும் தன் சொந்த அனுமதியை எதிர்பார்க்கிறது. அதனால், 8கே என்று மேலட்டையில் பெரிதாக அச்சடித்த பெட்டியில் நெட்பிளிக்ஸ் 480 வரிப் படத்தைக் காட்டுவதை நீங்கள் காணலாம். முகங்கள் மங்கி, எழுத்துகளின் ஓரம் கரைந்து நிற்கும். பணம் கட்டிப் பார்க்கிற சேவைக்கு அது பெரிய நட்டம்.

படம் மங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது விடயத்தைப் பொறுக்க முடியாது. 2023இன் தொடக்கத்தில், ரி95 என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கப்பட்ட பெட்டியொன்றில் தீநிரல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எவ்பிஐ, இப்படித் தீநிரல் ஏறிய கருவிகளைக் கொண்ட, பாட்பொக்ஸ் 2.0 என்று அழைக்கப்படும் வலையமைப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கூகிள், சான்றில்லாத அன்ட்ரொயிட் கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் அதில் சிக்கியிருப்பதாகக் கூறி நியூயோர்க் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தது. இப்பெட்டிகள் செய்வது என்னவென்றால், உங்கள் வீட்டு இணைய முகவரியை முன்பின் தெரியாத ஒருவர் தன் முகவரியாகப் பாவிக்க வழிவிடுகின்றன. அவர் அதன் வழியாகச் செய்கிற மோசடி, பார்ப்பவருக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்ததாகவே தோன்றும். அதே வைபையில்தான் உங்கள் வங்கிச் செயலி உள்ள கைத்தொலைபேசியும் இருக்கிறது.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். உறவினர் ஒருவர் அன்பாகத் தந்த பெயரில்லாத பெட்டியைக் கொழுவிய மாதத்தில், எங்கள் டேற்றா இருபதாம் திகதிக்கு முன்னரே முடிந்துபோனது. பிள்ளைகளைக் குறை சொல்லிவிட்டேன். பிறகு ஓரிரவு றவுட்டரின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கருவியும் எவ்வளவு பாவிக்கிறது என்று பார்த்தபோது, அதிகாலை இரண்டு மணிக்கு, தொலைக்காட்சி அணைந்து வீடே உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பெட்டியிலிருந்து தரவு நிற்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம். படம் பார்க்கிற கருவி ஒன்று அப்படி நடந்துகொள்ளக் காரணமே இல்லை. வயரைக் கழற்றினேன், அடுத்த மாதம் டேற்றா மிஞ்சியது.

அடையாளம் காண்பது கடினமல்ல. றிமோட்டில் சுட்டெலி அம்புக்குறிக்கான பொத்தான் இருந்தால், முகப்புத் திரை பெரிதாக்கிய கைத்தொலைபேசித் திரைபோல இருந்தால், பிளே ஸ்ரோர் தவிர வேறொரு செயலிச் சந்தை இருந்தால், அல்லது தொடங்கும்போதே பாதுகாப்புச் சோதனையை நிறுத்தச் சொன்னால், அது சான்றுபெற்ற பெட்டி அல்ல. ஆயுள் முழுவதும் எல்லாச் சானலும் இலவசம் என்ற வாக்கைப் பொறுத்தவரை, உரிமையாளருக்குப் பணம் போகாத அந்த ஒளிபரப்பு எந்த நாளிலும் நின்றுவிடலாம். நின்ற அன்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்.

மகன் கனடாவிலிருந்து கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது ரோக்கு. அங்குள்ளவருக்கு அது நல்ல பெட்டி. எளிமையானது, நீண்டகாலம் உழைப்பது. ஆனால் ரோக்கு நிறுவனம் இலங்கையில் சேவை நடத்துவதில்லை, அதன் செயலிக் கடை நாட்டைப் பார்த்தே திறக்கிறது. கனடாக் கணக்கோடு இங்கே கொண்டுவந்தால் சில செயலிகள் இயங்கும், சில இயங்கா. எது எப்போது நிற்கும் என்பது உங்கள் கையில் இராது. வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

அமேசனின் பயர் ரிவி ஸ்ரிக் அந்தளவுக்கு மோசமில்லை. யூரியூப், நெட்பிளிக்ஸ், பிரைம் மூன்றும் ஓடும். ஆயினும் அதில் பிளே ஸ்ரோர் இல்லை. செயலிகள் அமேசனின் சொந்தக் கடையிலிருந்து, அமேசன் கணக்கின் நாட்டைப் பொறுத்தே வரும். 2025இன் இறுதியில் வெளிவந்த 4கே செலக்ட் என்ற மாதிரியில் அன்ட்ரொயிட் வழிவந்த மென்பொருளையே விட்டுவிட்டு வேகா என்ற புதிய இயங்குதளத்துக்கு மாறியிருக்கிறார்கள். அதில் வெளியிலிருந்து செயலிகளைக் கொண்டுவந்து ஏற்ற முடியாது. அப்பிள் ரிவி 4கே எல்லாவற்றிலும் வேகமானது, விளம்பரத் தொந்தரவு குறைந்தது. வீட்டில் எல்லோரும் ஐபோன் வைத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். யூரியூப் பார்ப்பதற்காக மட்டும் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்கு என் முதல் தெரிவு கூகிள் ரிவி ஸ்ரீமர். குரோம்காஸ்ற் என்ற பழைய வரிசையை 2024இல் நிறுத்தி, அதன் இடத்தில் கூகிள் கொண்டுவந்த பெட்டி இது. 4 கிகாபைற் நினைவகமும் 32 கிகாபைற் சேமிப்பும் கொண்டது. 8 கிகாபைற் சேமிப்புள்ள பெட்டிகளில் இயங்குதளத்துக்குப் போக மிஞ்சுவது பாதியளவுதான். ஓராண்டில் செயலிகள் தம்மைப் புதுப்பிக்க இடமின்றித் திணறத் தொடங்கும். றவுட்டரிலிருந்து நேரே வயர் கொழுவ ஈதர்நெற் துளையும் ஸ்ரீமரில் இருக்கிறது. இவற்றைவிட உங்கள் தாயாரை நினைத்து நான் விரும்புவது ஒரு சிறு பொத்தானை. பெட்டியின் பின்புறத்தில் அதை அழுத்தினால், றிமோட் எங்கே கிடந்தாலும் ஒலியெழுப்பும். தலையணைக்குக் கீழேயும் சாய்மனைக் கதிரையின் மடிப்பிலும் றிமோட்டைத் தேடுகிற வீடுகளில் அதன் அருமை தெரியும்.

கனடாவிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது, இங்கேயே வாங்க வேண்டும் என்றால் சியோமியின் ரிவி பொக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை போதும். அதுவும் கூகிள் ரிவி சான்று பெற்றதே. நினைவகம் 2 கிகாபைற், சேமிப்பு 8 மட்டும்தான்; ஆகவே தேவையான ஓரிரு செயலிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈதர்நெற் இல்லை, ஆனால் யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது. பழைய குடும்பக் காணொளிகள் இருக்கும் வன்தட்டைக் கொழுவ அது உதவும். ஸ்ரீமரில் இருக்கும் ஒரேயொரு யூஎஸ்பி துளை மின்சாரத்துக்கானது என்பதால், அதில் வன்தட்டுக் கொழுவ வேண்டுமானால் இடையில் ஒரு பிரிப்பான் வேண்டும்.

அந்தக் குடும்பக் காணொளிகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. சாமத்தியச் சடங்கு, கலியாணம், அந்தியேட்டி என்று டிவிடியில் இருப்பவை எல்லாம் ஆண்டுக்காண்டு வாசிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை வன்தட்டுக்கு மாற்றியிருந்தால், பெட்டியில் காணொளி ஓட்டும் விஎல்சி செயலியை இறக்கிப் பாருங்கள். இங்கே எடுத்த டிவிடிகள் பால் முறையில் 576 வரிகளுடன், ஒன்றைவிட்டு ஒன்றாக வரி பின்னிப் பதியப்பட்டவை. சாதாரண செயலியில், ஆட்கள் நடக்கும்போது உடம்பின் ஓரம் சீப்புப் பல்லுப் போலக் கோடு கோடாகத் தெரியும். விஎல்சி அந்தப் பின்னலை நீக்கிக் காட்டக்கூடியது. வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் ஜெலிபின் என்ற இலவச மென்பொருளை நிறுவி, எல்லாக் காணொளிகளையும் பெயரும் ஆண்டும் இட்டு அடுக்கிவைக்கலாம். அது 2018இல் எம்பி என்ற வேறொரு மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்த திறந்த மூலத் திட்டம். மாதக் கட்டணம் இல்லை, இணையம் நின்றாலும் வீட்டு வலையமைப்புக்குள் ஓடும்.

டேற்றாக் கணக்கையும் வாங்குமுன் பாருங்கள். நெட்பிளிக்ஸ் தரும் கணக்குப்படி மணித்தியாலம் ஒன்றுக்கு எச்டி படம் 3 கிகாபைற் வரையும், 4கே படம் 7 கிகாபைற் வரையும் எடுக்கும். யூரியூப்பும் ஏறக்குறைய அதே அளவில் போகிறது என்று வைத்துக்கொண்டால், தாயார் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் எச்டியில் பார்க்கும்போது மாதத்துக்கு 360 கிகாபைற் வரை வரும். உங்கள் பக்கேஜ் அதைத் தாங்காவிட்டால், நெட்பிளிக்ஸ் கணக்கின் தரவுப் பாவனை அமைப்பில் நடுத்தரம் என்பதைத் தெரிவுசெய்தால், அங்கே பார்ப்பது மணித்தியாலத்துக்கு 0.7 கிகாபைற் அளவுக்கு இறங்கும். ஏவி1 என்ற புதிய சுருக்கமுறையை வாசிக்கக்கூடிய பெட்டி, அதே தரப் படத்தைக் குறைந்த டேற்றாவில் பெறும். விலை கூடினால் இது இருக்கும் என்று நினைக்க வேண்டாம்: 2020இல் வந்த 4கே குரோம்காஸ்ற்றில் ஏவி1 இல்லை, 2022இல் வந்த மலிவான எச்டி குரோம்காஸ்ற்றில் இருந்தது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகம் உங்களுக்குப் பிரச்சினையாக இராது. எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிற்றும் 4கேக்கு 15 மெகாபிற்றும் போதும். பைபர் அதைத் தாராளமாகத் தரும். தடை வருவது றவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலுள்ள சுவரில்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் கல் சுவர்களை 5 கிகாஹேர்ட்ஸ் வைபை ஒன்று தாண்டும்போதே களைத்துவிடும், 2.4 கிகாஹேர்ட்ஸ் தாண்டும், ஆனால் அயலவரின் றவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெரிகின்றன. முன்விறாந்தையில் றவுட்டரும் உள் அறையில் தொலைக்காட்சியும் இருந்தால், கூரையோடு ஒரு ஈதர்நெற் வயரை இழுத்துவிடுங்கள். மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பயன் தருவது அந்த வேலை.

மின்சாரம் கொடுக்கும் முறையில் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சாவகச்சேரியில் எங்கள் சித்தி வீட்டில், பெட்டி பத்து நிமிடத்துக்கொருமுறை தானாக அணைந்து எழும்புகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டி பழுது என்று மாற்றவே தயாராகிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், சுவரில் பிளக் போதாதென்று பெட்டியின் மின்வயரைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையில் கொழுவியிருந்தார்கள். பழைய தொலைக்காட்சியின் அந்தத் துளை கொடுப்பது அரை அம்பியர். பெட்டி கேட்பது ஒன்று அல்லது அதற்கு மேல். முகப்புத் திரை வரும்வரை தாங்கும், படம் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் விழும். அதன் சொந்த அடப்ரரைச் சுவரில் கொழுவிய அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பெட்டி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

கனடாவிலிருந்து வரும் அடப்ரரில் இரண்டு தட்டைக் கம்பிகள் இருக்கும். அதன் உடலிலுள்ள சிறிய எழுத்தில் 100–240 வோல்ற் என்று இருந்தால் எங்கள் 230 வோல்ற்றுக்கு அது ஒத்துவரும். மூன்று தட்டைக் கம்பி மாற்றி ஒன்றை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள், துளைக்குள் தீக்குச்சி செருகி நெருக்கிக் கொழுவ வேண்டாம். பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் ஸ்ரீமருடன் வருவதில்லை. அதையும் இங்கே வாங்கலாம். இடிமின்னல் காலத்தில் தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. பெட்டியையும் றவுட்டரையும் சேர்த்துக் கழற்றுங்கள், ஏனெனில் எச்டிஎம்ஐ வயராலும் ஈதர்நெற் வயராலும் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தே நிற்கின்றன.

மகன் பெட்டியைத் தன் கூகிள் கணக்கால் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கடனட்டை அந்தக் கணக்கோடு இணைந்திருக்கும். றொரன்ரோவில் அவர் பார்ப்பவையும் இங்கே தாயார் பார்ப்பவையும் கலந்து, யூரியூப் இருவருக்கும் பொருந்தாதவற்றையே நீட்டும். கணக்கின் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்பதால் பிறகு திருத்துவதும் சிரமம். தாயாரின் பெயரில் இலங்கைக் கணக்கொன்றை இங்கே வந்த பின்னர் திறப்பதே சரி.

கொழுவிய முதல் மாலையில் மூன்று அலுவல்களைச் செய்யுங்கள். தொலைக்காட்சியின் அமைப்பில் எச்டிஎம்ஐ சிஇசி என்பதை இயக்கிவிட்டால், பெட்டியின் றிமோட்டே தொலைக்காட்சியையும் எழுப்பும். தாயாரின் கையில் ஒரு றிமோட் மட்டும் இருக்கும், மற்றதை அலுமாரிக்குள் வைத்துவிடலாம். வட அமெரிக்காவில் வாங்கிய பெட்டி நொடிக்கு 60 சட்டகமாக அனுப்பும். இங்குள்ள ஒளிப்படக்காரர்கள் எடுக்கும் 25 சட்டகக் காணொளியில் தேர் நகரும்போது படம் சிறிது சிறிதாக வெட்டி வெட்டிப் போவதுபோலத் தெரிந்தால், காட்சி அமைப்பில் 50 ஹேர்ட்ஸ் என்பதைத் தெரிவுசெய்து பாருங்கள், சீராகிவிடும். கடைசியாக, உங்கள் கைத்தொலைபேசியில் கூகிள் ஹோம் செயலியை இறக்கிப் பெட்டியோடு இணையுங்கள். திரையில் எழுத்தெழுத்தாக அம்புக்குறியை நகர்த்தித் தேடுவது பெரியவர்களால் முடியாத வேலை; கைத்தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையில் நீங்கள் தட்டச்சிட்டால் அது நேரே தொலைக்காட்சியின் தேடல் கட்டத்தில் விழும். தாயார் வழக்கமாகப் பார்க்கும் ஐந்தாறு சானல்களை அப்படித் தேடி, அவருடைய கணக்கில் சந்தா செய்துவைத்துவிட்டால், திருவிழா நேரலை தொடங்கும் நாளில் அது யூரியூப்பின் முதற்பக்கத்திலேயே அவருக்குத் தெரியும்.